சம்பவம் என்று எழுதப்பட்ட 40 நிமிடம்

போர்னியோத் தீவின் மலையூரான பாரியோவிலிருந்து பா டாலிக்குப் போகும் காட்டுவழியில் எங்கள் வழிகாட்டி குழுவை விட்டு 40 நிமிடம் தனியே சென்றார் என்று பயண அறிக்கையில் எழுதினேன். மழைக்குப் பிறகு, கீழே ஓடையின் மேலிருக்கும் மூங்கில் பாலம் நிற்கிறதா என்று பார்த்துவரவே சென்றார் என்பதையும் அதே பத்தியில் எழுதினேன். இரண்டும் உண்மை. அந்த அறிக்கைக்குப் பிறகு சிங்கப்பூரில் உள்ள எங்கள் நிறுவனம் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டது. அதைச் சரியென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, தவறென்று சொல்லவும் வரவில்லை.

மலேசியாவின் சரவாக் மாநிலத்துக் கெலாபிட் மலைநாட்டுக்கு ஆள் அழைத்துச் சென்றவர்களுக்கு அந்த வழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மிரியில் பயணியையும் பையையும் எடை போட்டு ஏற்றிக்கொள்ளும் சிறு விமானத்தில் தொடங்கி, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் வயல் சூழ்ந்த பாரியோவில் இறங்கி, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சேறும் அட்டையுமாக நடப்பது. எங்கள் குழுவினர் வார இறுதிகளில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். 163 மீட்டர் குன்றில், கைப்பிடியோடு கூடிய படிகளில் எடுத்த பயிற்சி அந்தச் சேற்றில் எவ்வளவு உதவும் என்பது தனிக்கதை.

அன்று வழிகாட்டி மேட்டின் விளிம்பில் எங்களை நிறுத்தி, "இங்கேயே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், நான் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மலாயில் சொன்னார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்றபடியே இறங்கிவிட்டார். அந்த இடைவெளியில் நடந்ததாகச் சொல்ல எதுவுமில்லை. விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து காலுறைக்குள் புகுந்த அட்டைகளைப் பிடுங்கினார்கள். நீரிழிவு உள்ள ஒரு பெரியவருக்குக் கை லேசாக நடுங்கியது, மிட்டாய் கொடுத்ததும் நின்றது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவேயில்லை. நான் கவனித்தேன், கவனித்த அந்தக் கணம் முதல் ஒரே கணக்குதான் மனத்தில் ஓடியது. பையிலிருந்த செயற்கைக்கோள் கருவியை அழுத்தினால் செய்தி சிங்கப்பூரில் பணியிலிருப்பவருக்குப் போகும், அவர் பாரியோவுக்குத் தொலைபேசியில் சொல்வார், அங்கிருந்து யாரேனும் புறப்படுவார்கள். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த மேடு எது என்று சொல்லத் தெரிந்தவர் ஓடைக்கரைக்குப் போயிருந்தார். திரும்பிப் போகும் வழியும் எனக்குத் தெரியாது. ஆகவே வழிகாட்டி குழுவை விட்டு நீங்கக் கூடாது என்ற விதி வெறும் காகித விதி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதும் இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2015 ஜூன் 5 அன்று, இதே போர்னியோத் தீவின் வடக்கே கினபாலு மலையில் நிலநடுக்கத்தால் பாறைகள் சரிந்து நம் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உடன் சென்ற வழிகாட்டியும் உயிரிழந்த பிறகு, அபாய மதிப்பீட்டுப் படிவங்கள் தடித்தன. பெற்றோர் கேட்கும் கேள்விகளும் மாறின. அவை மாறியதில் நியாயம் உண்டு. ஆனால் அன்று மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கீழே நடத்திக் கொண்டுவருவதில் முன்நின்றவர்கள், படிவம் எதையும் பார்த்துக்கொண்டிராமல் தங்களுக்குத் தெரிந்த வழியை நம்பிய உள்ளூர் மலை வழிகாட்டிகள். நம் படிவங்களின் எந்தக் கட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது என்று நான் தேடிப் பார்த்ததுண்டு.

பாலத்தைப் பார்க்க அவர் போய்வந்த அன்றிரவு, பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீள்வீட்டின் அடுப்படியில் எங்கள் வழிகாட்டியிடம் பேசினேன். "அங்கிள், இனிமேல் எங்களை விட்டுப் போகாதீர்கள், எங்கள் அலுவலகத்தில் அதை ஏற்க மாட்டார்கள்" என்றேன். அவர் கோபப்படவில்லை. நீங்கள் எல்லாரும் அந்தச் சரிவில் இறங்கிப் போய்ப் பாலம் இல்லையென்றால் எல்லாரும் திரும்ப ஏற வேண்டும், நான் ஒருவன் இறங்கி ஏறினால் போதாதா என்றார். பிறகு, "யாருக்காவது ஏதாவது ஆனதா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அவ்வளவுதான் பேச்சு. ஊர் திரும்பி அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, அவரிடம் எதுவும் ஆகவில்லை என்று சொன்ன நானே அந்த 40 நிமிடத்தைச் 'சம்பவம்' என்ற தலைப்பின்கீழ் எழுதினேன். அங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? படிவத்தில் வேறு இடமில்லை. ஆனால் எழுதப் போகிறேன் என்று அவரிடம் அன்றே சொல்லியிருக்க இடமிருந்தது.

இதில் படிவம் கேட்காத செய்தி ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முன் வழிகாட்டி இரண்டு வழிகாட்டிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார், தம் மருமகனை அழைத்துவருவதாகச் சொன்னார். பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு ஒருவர் போதும் என்பது எங்கள் கணக்கு. அதை அவருக்குத் தெரிவித்தவன் நான், முடிவெடுத்தவன் நானல்ல. மருமகன் வந்திருந்தால் ஒருவர் எங்களோடு இருந்திருப்பார், மற்றவர் பாலத்தைப் பார்த்திருப்பார், 40 நிமிடம் என்ற பேச்சே எழுந்திராது. இதை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "அது செலவு, இது பாதுகாப்பு, இரண்டையும் குழப்பாதீர்கள்" என்றார். அவர் மோசமானவரல்லர். பெற்றோரும் காப்பீட்டு நிறுவனமும் அவரிடம்தான் கேள்வி கேட்பார்கள்.

அந்த வழிகாட்டி வழியை எப்படிக் கற்றார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, அறிக்கைக்கு அது தேவையில்லை என்றாலும். மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃப்ரன்டாசி மோதல் என்றால் நமக்கு 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலை மெக்டோனல்ட் ஹவுஸில் வெடித்த குண்டு, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். அவர்களுக்கு அது, எல்லையோரத்துக் கெலாபிட் ஊர்கள் பல கலைக்கப்பட்டு மக்கள் பாரியோவுக்குக் குடிபெயர்க்கப்பட்ட காலம். ஊரை விட்டவர்கள் வழியை விடவில்லை. பழைய ஊர்களின் பழமரங்களுக்கும் வேட்டைக்கும் அவருடைய தகப்பனார் நடந்துகொண்டே இருந்தாராம், பின்னால் இவரும். அப்படிக் கற்றவரைப் பார்த்து, உங்களிடம் முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதே என்று நான் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். சான்றிதழ் தேவைதான். அதையும் இப்போது நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த குழுவுக்கு வேறொரு வழிகாட்டி வந்தார், இளைஞர், விதியைக் கேட்டுத் தலையாட்டியவர். மழைக்குப் பிறகு அதே சரிவில் எங்கள் எல்லாரையும் கீழே கூட்டிப்போனார். பாலத்தின் பிரம்புக் கட்டு ஒருபக்கம் அறுந்து, மூங்கில்கள் தண்ணீரில் இழுபட்டுக் கொண்டிருந்தன. எல்லாரும் மீண்டும் ஏறினோம். ஓர் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, மறுநாள் முழுதும் கம்பூன்றி நடந்தார். அந்தப் பயண அறிக்கையில் சம்பவம் என்ற கட்டம் காலியாகவே போனது, ஏனென்றால் விதி எதுவும் மீறப்படவில்லை, நடைப்பயணத்தில் முழங்கால் வீங்குவதைச் சம்பவமாகக் கருதும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

பழைய வழிகாட்டி அறுவடை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், இந்த ஆண்டு எப்போது வருகிறீர்கள் என்று. அலுவலகம் முடிவு செய்யும் என்று பதில் அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்று வந்தது. அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது படிவத்தைத் திருத்துகிறார்கள், களத்துக்குப் போகிறவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை வழிகாட்டிகள் வேண்டும் என்று கேட்கப்பட்டது, எத்தனை பேருக்கு ஒப்புதல் கிடைத்தது என்று ஒரு கேள்வியைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிகாட்டி குழுவை விட்டு நீங்கினாரா, எவ்வளவு நேரம் என்ற கேள்வியை நீக்கலாமா என்றும் கேட்டார்கள். அந்தப் பெரியவரின் கை நடுங்கியது நினைவுக்கு வந்தது. நீக்க வேண்டாம் என்று குறித்து அனுப்பிவிட்டேன்.