காலையில் பைத்தான், ராத்திரியில் ரௌட்டர்

ஜனவரி 6, 2025, திங்கள்

பைத்தான் என்கிற நிரல் மொழி படிக்கிறேன் என்றதும் ஆபீஸில் தம்பி கேட்டான்: "நெட்வொர்க் வேலையை விட்டுட்டு டெவலப்பர் ஆகப் போறீங்களாண்ணா?" விடுவதாக இல்லை. நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் 3 வருஷத்துக்குத்தான் செல்லும். 2020இல் மாறிய பாடத்திட்டத்தில் ஆட்டோமேஷனுக்கே (ஸ்கிரிப்ட் எழுதி வேலையைத் தானாக நடக்கவைப்பது) 10 சதவீதம். வேலைக்குக் கிளம்பும் முன் பைத்தான், ராத்திரி, ரௌட்டர்களைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டும் ஜிஎன்எஸ்3இல் லேப் என்று வைத்திருக்கிறேன். புத்தகத்தில் வரும் தனிவட்டி, பகா எண் பயிற்சியெல்லாம் தள்ளுபடி.

ஜனவரி 9, வியாழன்

ஐபி முகவரிகளுக்கென்றே ஒரு மாட்யூல் (தயார் நிரல் தொகுப்பு) பைத்தானோடு கூடவே வருகிறது. 192.168.10.70/26 என்பதை நெட்வொர்க்காகக் கொடுத்தேன். ஹோஸ்ட் பிட் (நெட்வொர்க்குக்குள் தனி மெஷினைக் குறிக்கும் பகுதி) இருக்கிறது என்று எரர் போட்டுவிட்டது. கறாரான வாத்தியார்! /26 என்றால் முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 6 பிட் மெஷினுக்கு; அதனால் முகவரிகள் 64, 64ஆகத்தான் நகரும். 70 விழுவது .64 நெட்வொர்க்கில், பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் முகவரி) .127; நடுவில் 62 ஹோஸ்ட். ஸ்ட்ரிக்ட் என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கினால் அதுவே .64க்கு இறக்கிக்கொள்கிறது. எனக்கு இந்த வசதிமேல்தான் சந்தேகம். கொஞ்ச நாள் இதையே நம்பினால் சப்நெட் கணக்கு (நெட்வொர்க்கைப் பிரிக்கும் கணக்கு) மறந்துபோகும். அதனால் முதலில் தாளில் போட்டுவிட்டு, அப்புறம்தான் மாட்யூலிடம் கேட்பது.

ஜனவரி 18, சனி

பொங்கல் லீவில் லேப்டாப்பையே திறக்கவில்லை.

இன்று சாக்கெட், அதாவது இரண்டு நிரல்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் வாசல். ஒரு விண்டோவில் சர்வர், இன்னொன்றில் கிளையன்ட். கிளையன்ட் அடுத்தடுத்து "வணக்கம்", "நலமா" என்று அனுப்புகிறது. சர்வரில் "வணக்கம்நலமா" என்று ஒட்டிக்கொண்டு வந்து விழுகிறது. இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி ஒரு பைட் ஸ்ட்ரீம் (எல்லைக்கோடு இல்லாத பைட்டுகளின் ஓட்டம்) என்று இன்டர்வியூவில் ஒப்பிக்காதவர் யார்? நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் இரண்டும் தனித்தனி செக்மென்ட்டாகத்தான் (துண்டாக) போயிருக்கின்றன. பெறும் பக்கத்துத் தற்காலிக இடமான பஃபரில் சேர்ந்த பிறகு எல்லை ஏது? ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 2 பைட்டில் அதன் நீளத்தை வைத்தேன். எண்களைப் பைட்டாக்கும் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நெட்வொர்க் பைட் ஆர்டரில் (பெரிய பைட் முதலில்) அடுக்கித் தருகிறது. வயர்ஷார்க்கில் முதல் இரண்டு பைட் 00 15. ஹெக்ஸில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 15 என்றால் 21. "வணக்கம்" கண்ணுக்கு ஐந்தெழுத்து, யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், அனுப்பும் யூடிஎஃப்-8 வடிவில் குறிக்கு 3 பைட். எழுத்தை எண்ணி நீளம் வைத்தால் செய்தி பாதியில் அறுந்துவிடும்.

பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ், டிசிபியில் போகும்போது இதே 2 பைட் நீளத்தைத்தான் முன்னால் வைக்கிறது. நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபியின் ஹெடர் (செய்தியின் தலைப்பகுதி) 19 பைட்: 16 மார்க்கர், 2 நீளம், 1 வகை. எத்தனையோ முறை பார்த்த ஹெடர்தான். நீளம் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால், முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. இதற்குப் பெயர் டைம்-வெயிட். இணைப்பை முதலில் மூடியவன் காத்திருக்க வேண்டும். லினக்ஸில் 60 விநாடி. ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷன் போட்டதும் அடங்கியது.

ஜனவரி 30, வியாழன்

கம்பெனியின் தையல் ஹாலில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளின் கான்ஃபிகை (அமைப்பு விவரங்களை) இனி நெட்மிகோ பேக்கப் எடுக்கும். கிர்க் பயர்ஸ் எழுதிய பைத்தான் லைப்ரரி, எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது. தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்த, ஸ்விட்ச்சுக்குள் தூரத்திலிருந்து நுழையும் பழைய வழியான டெல்நெட்டுக்கான ஸ்கிரிப்ட் ஓடவில்லை, பைத்தான் 3.13இல் அதற்கான டெல்நெட்லிப் மாட்யூலையே தூக்கிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. டெல்நெட்டில் பாஸ்வேர்டு பச்சையாகப் போவதை வயர்ஷார்க்கில் அவனுக்குக் காட்டினேன். "ஐயோண்ணா, அப்படியே தெரியுது!" சாயங்காலத்துக்குள் எல்லா ஸ்விட்ச்சிலும், மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் போட்டுவிட்டான். ஸ்விட்ச் ஃபேனில் அடையும் பஞ்சைத் தட்ட மட்டும் எந்த லைப்ரரியும் வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

லேபில் வேண்டுமென்றே ஒரு ரௌட்டரில் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1400 ஆக்கி, மறுமுனையை 1500இலேயே விட்டேன். பிங் போகிறது, ஹலோ வருகிறது, ரௌட்டர்கள் வழித்தகவலைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்ப நிலையைத் தாண்டவில்லை. டேட்டாபேஸ் விவர பாக்கெட்டில் அனுப்புபவரின் எம்டியூவும் இருக்கும்; தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் ரௌட்டர் அதைத் தள்ளிவிடும். என் ஸ்கிரிப்ட் நெய்பர் (பக்கத்து ரௌட்டர்) நிலையை எடுத்துக் காட்டியதோடு சரி. காரணத்தை, ரௌட்டருக்குள் நடப்பதைக் காட்டும் டீபக்கில்தான் பிடிக்க முடிந்தது. இனி ஃபுல் என்ற கடைசி நிலைக்கு வராவிட்டால் இரு முனை எம்டியூவையும் எடுத்து ஒப்பிடும்படி நாலு வரி சேர்க்க வேண்டும்.