ஐஸ்லாந்து கூடைப்பந்து லீக்கில் நான் மேசை அலுவலரானது

ஐஸ்லாந்தில் ஆடவர் கூடைப்பந்தின் முதல் பிரிவு லீக் இப்போது ‘போனுஸ்’ என்னும் மளிகைக் கடைகளின் பெயரால் நடக்கிறது. அதற்கு முன்பு சப்வே, அதற்கும் முன்பு டாமினோஸ். விளம்பரதாரர் மாறினாலும் அமைப்பு அதேதான்: 12 அணிகள், 22 சுற்றுகள், முதல் எட்டு இடங்களுக்குள் வந்த அணிகளுக்குப் பிளேஆஃப், அதில் மூன்று ஆட்டங்களை முதலில் வென்ற அணி மேலே போகும். மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடாத நாட்டில் இது முழுமையான தொழில்முறை லீக்காக இருக்க வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களுக்குச் சம்பளமும் தங்க வீடும் உண்டு. உள்ளூர் வீரர்களில் பலர் பகலில் வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய்விட்டு மாலையில் ஆட வருகிறவர்கள். நடுவர்களைச் சம்மேளனம் அனுப்பும். மற்ற எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள்தான் சம்பளமின்றிச் செய்கிறார்கள். ஆடுகளத்தின் பக்கவாட்டில் போட்டிருக்கும் நீள மேசைக்குப் பின்னால் அமர்ந்து கணக்கும் கடிகாரமும் பார்க்கிறவர்களும் அப்படித்தான். அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

என் மகன் பயிலும் கழகத்தில் பெற்றோர் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆட்டத்துக்கு முன்பு ஹாம்பர்கர் சுட்டு விற்பது, வாசலில் டிக்கெட் பார்ப்பது, வீரர் விழுந்து எழுந்த இடத்தில் வியர்வையைத் துடைப்பது, மேசையில் அமர்வது என்று வேலைகள் பல. நான் இளமையில் கொஞ்சம் ஆடியவன் என்பதால் மேசையைத் தேர்ந்தெடுத்தேன். ஆட்டத்தை இலவசமாக, அதுவும் மிக அருகிலிருந்து பார்க்கலாம் என்ற ஆசையும் அதில் இருந்தது. அந்த ஆசை முதல் மாலை வகுப்பிலேயே போய்விட்டது. வகுப்பெடுத்த அம்மையார் பல ஆண்டுகளாக மேசையில் இருப்பவர். ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் டிக்கெட் வாங்கி எதிர்ப்பக்கம் உட்காரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அது கண்டிப்புக்காகச் சொன்னதல்ல, வேலையின் தன்மையே அதுதான் என்பது பிறகு விளங்கியது.

மேசையில் குறிப்பாளர், உதவிக் குறிப்பாளர், ஆட்ட நேரக் காப்பாளர், 24 நொடிக் கடிகாரத்தை (பந்தை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிய மிச்சமுள்ள நேரத்தைக் காட்டுவது) இயக்குபவர் என்று நான்கு பொறுப்புகள் உண்டு. எங்கள் கழகத்தில் எல்லோரும் முதலில் ஸ்கோர் ஷீட்டைக் காகிதத்தில் எழுதக் கற்ற பிறகே கடிகாரத்துக்குப் போகலாம். அதை எழுதுவதற்குப் பன்னாட்டுச் சம்மேளனமான ஃபிபா வகுத்த முறை இருக்கிறது. முதல் கால்பகுதியும் மூன்றாவதும் சிவப்பு மையில். இரண்டாவதும் நான்காவதும் நீலம் அல்லது கறுப்பு மையில். இரண்டு புள்ளிக் கூடை விழுந்தால் அணியின் புதிய மொத்தத்தின் மேல் சாய்கோடு போட்டு அருகில் வீரரின் எண்ணை எழுத வேண்டும். மூன்று புள்ளி என்றால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோவுக்கு, அதாவது எதிரணியின் ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறிந்து விழுந்த பந்துக்கு, நிரப்பிய கரும்புள்ளி. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரின் பெயருக்கு எதிரே போட்ட பெருக்கல் குறியை, ஆட்டம் தொடங்கும்போது வட்டமிட வேண்டும். பயன்படுத்தாத டைம் அவுட் கட்டங்களை, அந்தப் பாதி முடிந்ததும், இரண்டு கிடைக்கோடுகளால் அடைக்க வேண்டும். படிக்கும்போது இவையெல்லாம் வெறும் சடங்குபோலத் தோன்றும். ஆனால், இரண்டு பயிற்சியாளர்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று புள்ளி எண்ணிக்கையைக் கேள்வி கேட்கும்போது, அந்தத் தாளில் ஒவ்வொரு கூடையும் விழுந்த வரிசையில், போட்டவரின் எண்ணோடு இருப்பதுதான் மேசையைக் காப்பாற்றும்.

பெயர்களை விட்டு எண்களையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த நாட்டில் இரட்டிப்பாகப் பொருந்தும். ஐஸ்லாந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்பதைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே அணியில் ‘யோன்’ என்ற பெயரில் இரண்டு பேர் இருப்பது அதிசயமல்ல. நடுவரும் பெயர் சொல்ல மாட்டார். ஃபவுல் ஊதியதும் மேசையை நோக்கி வந்து விரல்களால் எண்ணைக் காட்டுவார்: 11 முதல் 15 வரை ஒரு கை மூடிய முஷ்டி, மறு கை விரல்கள், அதற்கு மேற்பட்ட எண் என்றால் முதலில் புறங்கையைக் காட்டிப் பத்தின் இலக்கத்தையும், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றின் இலக்கத்தையும் தெரிவிப்பார். அடுத்து ஃபவுலின் வகை, அதன்பின் எத்தனை ஃப்ரீ த்ரோ அல்லது பந்து எந்தப் பக்கம் என்பது. இந்த வரிசை கைகளால் நடப்பதால், மொழி அரைகுறையாகத் தெரிந்த என்னைப் போன்றவருக்கு மேசை மிக வசதியான இடமாக அமைந்தது. சக அலுவலர்கள் உரக்கச் சொல்லும் எண்களை ஐஸ்லாந்திய மொழியில் தடங்கலின்றிக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தால் போதும். அதைச் சிறுவர் ஆட்டங்களிலேயே பழகிவிட்டேன்.

சிறுவர், இளையோர் ஆட்டங்களில் ஒரு பருவம் முழுக்க எழுதிய பிறகு 24 நொடிக் கடிகாரத்தை என் கையில் கொடுத்தார்கள். நான்கு பொறுப்புகளில் மிகக் கடினமானது இதுவே என்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பொத்தான் வேலை; உள்ளே ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தீர்ப்பு தேவைப்படுகிறது. தாக்கும் அணி எறிந்த பந்து வளையத்தைத் தொட்டு, அதே அணியின் கையிலேயே மீண்டும் சேர்ந்தால் கடிகாரத்தை 14 நொடியில் வைக்க வேண்டும்; எதிரணி பிடித்தால் 24இல். பந்து வளையத்தைத் தொடாமல் போனால் கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தடுக்கும் அணி பந்தை வெளியே தட்டிவிட்டால் நின்ற இடத்திலிருந்தே தொடரும். தடுக்கும் அணி ஃபவுல் செய்து, தாக்கும் அணி எதிரணியின் பாதியிலேயே பந்தை உள்ளே எறிவதாக இருந்தால், கடிகாரத்தில் 14 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது அப்படியே விட வேண்டும். 13 அல்லது குறைவு என்றால் 14 ஆக்க வேண்டும். பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், பந்து அடுத்து யாருக்கு உரிமை என்பதைக் காட்டும் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, தாக்கிய அணிக்கே என்றால் 14, மற்றவர்களுக்கு என்றால் 24. கால்பகுதி முடிய, வைக்க வேண்டிய அந்த 14 அல்லது 24 நொடியைவிடக் குறைந்த நேரமே இருக்கும்போது புதிய உரிமை தொடங்கினால் திரையையே அணைத்துவிட வேண்டும்.

இவற்றை மனப்பாடம் செய்வது பெரிய காரியமல்ல. ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, ஆறு கைகள் உயரும்போது, பந்தை ஒருவர் தட்டினாரா பிடித்தாரா என்பதைக் கணத்தில் முடிவு செய்வதுதான் பெரிய காரியம், ஏனென்றால் வெறுமனே தட்டியது உரிமை ஆகாது. கை பதறிச் சீக்கிரம் அழுத்திவிட்டால், உண்மையில் எத்தனை நொடி மிச்சம் இருந்தது என்பதை மூன்று நடுவர்களும் கூடிப் பேச வேண்டியதாகிவிடும். எனக்குச் சொல்லித்தந்த அம்மையாரின் அறிவுரை எளியது: சந்தேகம் வந்தால் ஓடவிடு, உரிமை உறுதியானதும் அழுத்து. அதோடு, எறியப்பட்ட பந்தைக் கூடைவரை கண்ணால் பின்தொடர வேண்டும், ஆனால் அது அழகாக விழுந்ததா என்று நினைக்கக்கூடாது. இந்தப் பழக்கம் கண்ணுக்கு வந்த பிறகு, வீட்டில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போதும் என் கட்டைவிரல் அசைவதாக மனைவி சொல்கிறார்.

கைப்பழக்கத்தைவிட மனப்பழக்கம் எனக்குக் கடினமாக இருந்தது. மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளூர் அணியின் ஆட்கள். ஆனால் மேசை எந்த அணியையும் சேர்ந்ததல்ல. கழகத்தின் கழுத்துத்துண்டு கூடாது, கைதட்டக் கூடாது, முகத்தில்கூட எதுவும் தெரியக் கூடாது. இந்த லீக்கில் அது எவ்வளவு கடினம் என்பதை ஊர்களின் அளவை வைத்தே சொல்லலாம். 2021இல் பட்டம் வென்ற அணியின் ஊரான தோர்லாக்ஸ்ஹோப்னில் இரண்டாயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். 2023இல் முதன்முறையாக வென்ற டிண்டஸ்டோலின் ஊர், வடக்கே கடலோரத்திலுள்ள சௌதார்க்ரோகுர், அதைவிடச் சற்றே பெரியது. 2025 இறுதியின் ஐந்தாவது ஆட்டம் அதே ஊரில் நடந்தபோது, விருந்தாளியாக வந்த ஸ்டியார்னன் அணி தன் முதல் பட்டத்தை அங்கிருந்து எடுத்துச் சென்றது. கிரிண்டாவிக் மக்களின் நிலை இன்னும் வேறு. 2023 நவம்பரில், எரிமலை அபாயத்தால் அந்த ஊரையே காலி செய்தார்கள். அணி கோபவோகுர் நகரின் ஸ்மாரின் அரங்கைத் தன் வீடாக்கிக்கொண்டு ஆடி, 2024 இறுதிவரை வந்து, வாலுர் அணியிடம் 3–2 என்று தோற்றது. இப்படிப்பட்ட ஊர்களில் ஆடுகிறவர் பக்கத்து வீட்டுப் பையனாகவோ உங்கள் மகளின் ஆசிரியராகவோ இருப்பார். அவருடைய ஐந்தாவது ஃபவுலைப் பதிந்து, இனி ஆட முடியாது என்று நடுவருக்குத் தெரிவிக்க வேண்டியவர் நீங்கள்.

முதல் பிரிவில் என் முதல் ஆட்டம் வழக்கம்போல இரவு 7.15 மணிக்கு இருந்தது. நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்து கடிகாரங்களையும் ஒலியையும் சோதித்தோம். ஆட்டத்துக்கு 40 நிமிடங்களுக்கு முன்பே பயிற்சியாளர்கள் பட்டியலைத் தர வேண்டும்; 10 நிமிடங்களுக்கு முன்பு தொடங்கும் ஐவரைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். கடைசி இரண்டு நிமிடங்களில்தான் மேசைக்கு உண்மையான சோதனை வந்தது. நான்காவது கால்பகுதியின் அந்தக் கட்டத்தில் கூடை விழுந்தவுடன் ஆட்ட நேரம் நிற்க வேண்டும், டைம் அவுட்டுக்குப் பிறகு பயிற்சியாளர் பந்தை முன்பாதிக்கு நகர்த்தக் கேட்டால் என் கடிகாரத்தில் 14க்கு மேல் இருக்கக் கூடாது, இவற்றோடு அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. நேரக் காப்பாளரும் நானும் ஒருவருக்கொருவர் மெதுவாக எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தோம். யார் வென்றார்கள் என்பதைத் தாளில் கடைசிப் புள்ளிகளுக்குக் கீழே இரட்டைக் கோடு போடப்பட்ட பிறகே நான் சரியாகக் கவனித்தேன். மேசைக்காரர்கள் கையெழுத்திட்டு, கடைசியாகத் தலைமை நடுவர் கையெழுத்திட்டதும் அலுவல் முடிந்தது.

இங்கே குடியேறி இதில் சேர நினைப்பவர்கள் நேரே அருகிலுள்ள கழகத்தில் கேட்டால் போதும்; மேசைக்கு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. இலையுதிர் காலத்தில், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு கேட்பது நல்லது. சிறுவர் ஆட்டங்களை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கே நடுவர்களே பெரும்பாலும் பதின்வயதினர், அவர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், நேரம் நிறையக் கிடைக்கும். கணினியில் புள்ளிவிவரம் பதியும் வேலையும் உண்டு. அதற்கு வேகமான விரல்களும் ஆடுகளத்தைப் பார்த்து நிறுத்தாமல் சொல்லும் ஒரு துணையும் வேண்டும் என்பதால், அதை இளையவர்களிடம் விட்டுவிட்டு நான் கடிகாரத்தோடு இருக்கிறேன்.