தாத்தாவின் கண்ணோரத்து மஞ்சள்

அப்பா இறந்தபோது அவருக்கு 47 வயது. 1998 ஐப்பசி. உளுந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று ஒரு சோடா வாங்கிக் குடித்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

கோவில்பட்டியில் எங்களுக்கு மளிகைக்கடை. காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுந்திருப்பார். ஒரு நாளைக்கு ஒன்றரை பாக்கெட் சிகரெட். சாயங்காலம் எதிர்க்கடை பஜ்ஜி. இத்தனையும் கண்ணெதிரே கிடந்ததால் அவர் சாவுக்கு வேறு காரணம் யாரும் தேடவில்லை. "சிகரெட்டக் குடிச்சே போய்ச் சேந்தாரு" என்பது அம்மாவின் தீர்ப்பு. துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நானும் ரொம்ப வருஷம் அப்பா மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

2019இல் அண்ணனுக்கு 46 வயதில் அடைத்த இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவரும் புகைப்பவர். "ஸ்மோக்கிங், டென்ஷன்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களையும் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 63 கிலோ. சிகரெட், குடி எதுவும் கிடையாது. வாரம் நாலு நாள் ஷட்டில். நமக்கெல்லாம் வராது என்ற திமிர் நிறையவே இருந்தது. 2022இல் கோயம்புத்தூர் அலுவலகத்தில் வருடாந்திரப் பரிசோதனை வைத்தார்கள். சர்க்கரை சரி, டிரைகிளிசரைடு சரி. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு மட்டும் 214, ரொம்ப அதிகம்.

லேப்காரன் தப்பாகப் போட்டிருப்பான் என்று இரண்டு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் ஆரம்பித்தது என் விரதம். மஞ்சள்கரு இல்லை, மட்டன் இல்லை, தேங்காய்ச் சட்னி இல்லை. காலையில் பச்சைப் பூண்டு. மைத்துனர் கொடுத்த மருதம்பட்டைக் கஷாயம். வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை, பூண்டு வாடை அப்படி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 197.

அதன் பிறகுதான் ஒரு இதய மருத்துவரிடம் போனேன். முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார், அது குறைந்தாலும் எல்டிஎல் ஏறுமாம். அது சரியாக இருந்தது. பிறகு அப்பா எத்தனை வயதில் போனார் என்று கேட்டார். கடைசியாக, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு என் குதிகாலுக்கு மேலே தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது எப்ப இருந்து இப்படித் தடிமனா இருக்கு?" ஷட்டில் ஆடியதில் வந்த வீக்கம் என்று நான் வருஷக்கணக்கில் நினைத்திருந்தது, அங்கே படிந்த கொழுப்பு.

டச்சுக்காரர்கள் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. என் எல்டிஎல் அளவுக்கு 3, குதிகால் தடிப்புக்கு 6, அப்பாவும் அண்ணனும் 55க்கு முன்பே மாட்டியதற்கு 1. எட்டுக்கு மேல் போனால் பரம்பரைக் கொழுப்பு நோய் உறுதி. எனக்கு 10. மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், அதற்கு மேல் தெரிய ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

அவர் விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் கொக்கி மாதிரியான ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. ஏற்பியைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. வீட்டுக்கு இரண்டு வடிகால் என்று வைத்துக்கொண்டால், எனக்கு அதில் ஒன்று பிறக்கும்போதே அடைத்தது. தண்ணீர் தேங்கத் தொடங்கியது 41 வயதில் அல்ல, முதல் நாளிலிருந்தே. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. வைத்தியம் பார்க்காமல் விட்டால் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயத்தில் வந்து நிற்கும்.

இதைக் கேட்டதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: "அப்போ சிகரெட்டு மேல தப்பில்லையா?" அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கும் அந்த நிமிஷம் அப்பாவை மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் கணக்கு அப்படி முடியவில்லை.

டச்சு ஆராய்ச்சியாளர்கள் இதே நோய் உள்ள ஒரு பெரிய குடும்பத்தின் வம்சாவளியை இருநூறு வருஷம் பின்னோக்கித் தேடி, 2001இல் வெளியிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மரபணுவைச் சுமந்தவர்களிடம் சாவு விகிதம் ஊராரைவிட அதிகமில்லை. 1915க்குப் பிறகு ஏறத் தொடங்கி, 1935க்கும் 1964க்கும் இடையில் உச்சத்துக்குப் போயிருக்கிறது. அதே மரபணு, அதே ரத்தம். மாறியது அவர்களைச் சுற்றியிருந்த வாழ்க்கை.

படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அப்பாவின் அப்பா. கரிசக்காட்டில் பருத்தியும் கம்பும் போட்டவர். பிஞ்சைக்குப் போக நாலு மைல், வர நாலு மைல். கம்மங்கூழ், வெங்காயம். உத்தமர் என்று சொல்ல மாட்டேன், மூக்குப்பொடி மட்டை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. 79 வயது வரை இருந்தார். அவருடைய பெரிய போட்டோ ஒன்று ஊர் வீட்டில் தொங்குகிறது. இரண்டு கண்ணிலும் மூக்கோரமாகத் தட்டையான மஞ்சள் திட்டு. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

போட்டோவை டாக்டரிடம் காட்டினேன். அந்த மாதிரித் திட்டு இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் சாதாரணமாகத்தான் இருக்கும், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். சரிதான். ஆனாலும் தாத்தாவுக்கும் இந்த மரபணு இருந்தது என்றே நான் நம்புகிறேன். தாத்தா அதைக் கூழோடும் நடையோடும் சுமந்தார், அப்பா கல்லாவிலும் சிகரெட்டிலும் சுமந்தார். அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். பரம்பரை ஆபத்து அதிகம் உள்ளவர்களிலும், புகைக்காமல், உடம்பை அசைத்து, எடையைக் கட்டில் வைத்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து கிட்டத்தட்ட பாதியாக இருந்தது என்று 2016இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வையும் காட்டினேன். முழுக்கப் படித்தார். அன்றைக்கே விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். இப்போது ஒரு நாளைக்கு மூன்று.

எனக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆரம்பித்ததும் எல்டிஎல் 106 வந்தது. எசிடிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்த பிறகு 81. டாக்டருக்கு அதுவும் போதவில்லை, இன்னும் இறக்கப் பார்க்கிறார். தேங்காய்ச் சட்னி அளவோடு திரும்பி வந்துவிட்டது. பூண்டு போயே போய்விட்டது.

பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு சரி பாதி. மகளுக்கு 92. ஒன்பது வயது மகனுக்கு 188. அவனுக்கு எப்போது மாத்திரை தொடங்குவது என்று குழந்தை மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பஞ்சை ஸ்கூலில் காட்ட வேண்டும் என்று அவன் இரண்டு நாள் எடுக்கவே விடவில்லை.

அக்கா மட்டும் இன்னும் பார்க்கவில்லை. "பொம்பளைகளுக்கு அதெல்லாம் வராது தம்பி" என்கிறாள். தூத்துக்குடியில் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், 38 வயது, லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான். சித்தப்பாவும் 50ஐத் தாண்டவில்லை. கொலஸ்ட்ரால் என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போகிறேன். போனதும் முதலில் அவன் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைப் பார்க்க வேண்டும்.