யாரும் திருப்பாத அட்டை

மென்பொருள் பராமரிப்பில் இருப்பவர்களின் வேலையே ஊகிப்பதுதான். என்ன நடந்தது என்பது தெரியும், ஏன் நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கூர்மையான ஆட்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஆனாலும் பெரும்பாலோர் வழுக்குவது ஒரே இடத்தில்.

அடிக்கடி காதில் விழும் வாதம் இது: ‘மெமரி நிரம்பினால் சர்வர் மெதுவாகும். இப்போது சர்வர் மெதுவாக இருக்கிறது. அப்படியென்றால் மெமரி நிரம்பிவிட்டது.’ முதல் இரண்டும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மூன்றாவது அவற்றிலிருந்து கிடைக்காது. டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்தாலும் சர்வர் மெதுவாகும், நெட்வொர்க் தடுமாறினாலும் மெதுவாகும். நம் பழைய தர்க்கப் பள்ளியான நியாய தரிசனத்தார் இதை எப்போதோ பிரித்துக் காட்டிவிட்டார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு. அதற்காக நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்க வேண்டுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் புகை ஏது?

சரி, அடுத்து என்ன நடக்கும்? ரீஸ்டார்ட். சர்வர் வேகம் பிடிக்கும். ‘பார்த்தீங்களா, மெமரிதான்’ என்று டிக்கெட்டை, அதாவது அந்தப் பிரச்சினைக்கான பதிவை, மூடிவிடுவார்கள். ரீஸ்டார்ட் செய்தால் மெமரியும் காலியாகும், தொங்கிக்கொண்டிருந்த இணைப்புகளும் விடுபடும். இரண்டில் எது காரணம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. விஷமம் என்னவென்றால், இந்தத் தலைகீழ் ஊகம் பல நேரம் பலித்தும் விடும். மெமரி நிஜமாகவே அடிக்கடி நிரம்பக்கூடியது. அதனால்தான் இந்தப் பழக்கம் அனுபவசாலிகளிடம் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது.

ஊகிப்பதை நான் குறை சொல்லவில்லை. எல்லாம் நின்றுபோன நேரத்தில் ஊகம் இல்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது. ஆனால் ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதப்பட்ட கணமே அது ஊகம் என்பது மறந்துபோகிறது. அடுத்த முறை அந்த டிக்கெட்டையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் எழுதிய அட்டைப் புதிரைத் தமிழ் எழுத்துகளுக்கு மாற்றிச் சொல்கிறேன். நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: இ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்பது விதி. அது மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் ‘இ’யையும் 4-ஐயும் சொல்வார்கள். 4-இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். ஆகவே திருப்ப வேண்டியவை ‘இ’யும் 7-உம். சரியாகச் சொன்னவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

எங்கள் வேலையில் அந்த 7 எது? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர். அதன் மெமரியும் நிரம்பியிருந்தால், மெமரி நிரம்பினாலே சர்வர் மெதுவாகும் என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும். ஆனால் எல்லோரும் நோயாளி சர்வரின் லாக்கையே (நடந்ததையெல்லாம் அது எழுதிவைக்கும் பதிவேட்டையே) குடைந்துகொண்டிருப்பார்கள். குறையில்லாததைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

தோன்றவே தோன்றாது என்றும் இல்லை. 1982-இல் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் அதே புதிரை வேறு வேடத்தில் கொடுத்தார்கள்: பீர் குடிப்பவருக்கு 19 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஏறக்குறைய நாலில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். மீறலைப் பிடிக்கச் சொன்னால் மூளை விழித்துக்கொள்கிறது போலும். டெஸ்டிங்கிலும் இதைப் பார்க்கிறேன். ‘அட்மின் அல்லாதவர் இந்தப் பக்கத்துக்குள் வரக் கூடாது’ என்றால், முதல் வேலையாக அட்மின் அல்லாதவராக உள்ளே நுழைந்து பார்ப்பார்கள். ‘கோப்பு 10 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்’ என்றால், பெரிய கோப்பு ஒன்றை ஏற்றி, எச்சரிக்கை வந்ததும் திருப்தியடைந்துவிடுவார்கள். எச்சரிக்கை வராமல் உள்ளே போன கோப்புகளின் அளவைப் பார்ப்பது அபூர்வம்.

இதற்காக எங்கள் டிக்கெட் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: ‘இதே காரணம் இருந்தும் பிரச்சினை வராத இடம் உண்டா?’ சிலர் உண்மையிலேயே தேடிப் பார்க்கிறார்கள். அநேகர் ‘பொருந்தாது’ என்று எழுதிவிட்டு ரீஸ்டார்ட் செய்யப் போய்விடுகிறார்கள்.