ஷட்டவுன் நாட்குறிப்பு: மூன்றாம் நம்பர் பம்ப்

பிப்ரவரி 3

பம்பையும் அதை ஓட்டும் மோட்டாரையும் நிறுத்திப் பிரித்துச் சரிசெய்யும் வேலை. ஸ்பேனர் எடுக்கும் முன்னே அளவு எடுத்தாகணும். கப்ளிங் ஹப்புகளுக்கு (இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் பாகத்தின் இரு பாதிகள்) நடுவே உள்ள இடைவெளி, பழைய அலைன்மென்ட் ரீடிங் (இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்ற அளவு), எந்தக் காலடியில் எத்தனை ஷிம் (மெல்லிய தகடு), என்ன கனம். கழற்றிய ஷிம்களைக் கால்வாரியாகத் தனிக் கவரில் போட்டு எண் எழுதியாச்சு. மோட்டாரின் வலது பின் காலடியில் மட்டும் ஏழு ஷிம். நாலைத் தாண்டினாலே அமுங்கி எழும். ஏழு இருக்கிறது என்றால் யாரோ எதையோ மூடி மறைத்திருக்கிறார்கள்.

கரன்ட்டை நிறுத்தும் பிரேக்கரில் ஆளுக்கொரு பூட்டு. சூப்பர்வைசர் பூட்டு எல்லாருக்கும் சேர்த்து என்ற பேச்சே கிடையாது. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கணும். பிரஷர் கேஜ் பூஜ்யம் காட்டுவதை நம்பி ஃபிளேஞ்சை (பைப்பை இணைக்கும் போல்ட் வளையம்) திறக்கக் கூடாது. கேஜுக்குப் போகிற குழாய் அடைத்திருந்தாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். டிரெய்னைத் திறந்து, ஒழுகி நின்றதைப் பார்த்து, முதலில் தளர்த்துவது நமக்கு எதிர்ப்பக்கப் போல்ட்டை. உள்ளே ஏதும் மிச்சம் இருந்தால் அந்தப் பக்கமாகப் பீச்சட்டும்.

பிப்ரவரி 4

பேரிங் வரவில்லை.

பிப்ரவரி 5

அந்த வலது பின் கால். நாலு போல்ட்டையும் முழுசாக இறுக்கி, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) அந்தக் காலின் மேல் வைத்து, அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தினால் முள் 0.11 மி.மீ. ஏறுகிறது. 0.05 வரை விடலாம். மற்ற மூன்று கால்களும் 0.02, 0.03 என்று ஒழுங்காக நிற்கின்றன.

டயல் மட்டும் பார்த்து, "0.11 ஷிம் போட்டாச்சு சார்" என்று வந்து நிற்பார்கள். அங்கேதான் கெடும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்தக் காலின் நாலு மூலையிலும் விட்டுப் பார்க்கணும். நாலு மூலையிலும் ஒரே இடைவெளி என்றால் கால் வெறுமனே தூக்கி நிற்கிறது, ஷிம் போட்டால் தீரும். இங்கே வெளிமூலையில் 0.11, உள்மூலையில் ஃபீலர் நுழையவே இல்லை. சாய்வு. சாய்வுக்கு முழு ஷிம் வைத்தால் உள்மூலை மட்டும் தாங்கும். போல்ட்டை இறுக்கும்போது மோட்டார் பாடி முறுக்கிக்கொள்ளும். பாடி முறுக்கினால் பேரிங் உட்காரும் வட்டம் கோணும், சுழலும் ரோட்டருக்கும் அதைச் சுற்றி நிற்கும் ஸ்டேட்டருக்கும் இடையே காற்று இடைவெளி ஒருபக்கம் குறையும். அதற்கு மேல் என்ன அலைன்மென்ட் செய்தாலும், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் ஒரு புது ரீடிங் வரும். ரீடிங் ஒன்றுபோல் திரும்பி வரவில்லை என்றால் ஷிம் தேடுவதை விட்டுக் காலைத் தேடணும்.

சின்னச் சுத்தியலால் பேஸ் பிளேட்டைத் தட்டிக்கொண்டே போனால் அந்தக் கால் பக்கம் மட்டும் பொக்கைச் சத்தம். அடியில் கிரௌட் (பிளேட்டைத் தாங்க நிரப்பும் கலவை) இல்லை. ஏழு ஷிம்மின் கதை இதுதான்.

பிப்ரவரி 6

"பண்ணிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." இந்த வாக்கியத்தை நம்பி எத்தனை காண்ட்ராக்டர்கள் கைக்காசு போட்டிருக்கிறார்கள். கிரௌட் வேலை நம் ஒப்பந்த ஸ்கோப்பில் இல்லை. கண்டது என்ன, போட்டோ, எத்தனை ஆள், எத்தனை மணி, என்ன மெட்டீரியல்: ஒரே தாள், வேலை தொடங்கும் முன் கையெழுத்து. அவசரம் என்றால் அன்றைய லேபர் ஷீட்டிலாவது அன்று மாலையே கையெழுத்து. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பொக்கைச் சத்தத்தை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

மதியம் கையெழுத்து வந்தது. பிளேட்டில் பொக்கையின் இரண்டு ஓரத்திலும் துளை. ஒன்றில் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்), மற்றதில் காற்று வெளியேற வழி. காற்றுத்துளை இல்லாமல் ஏற்றினால் நடுவில் குமிழ் நிற்கும். அழுத்திக் கொடுத்தால் பிளேட்டே தூக்கும். தூக்குகிறதா என்று மேலே ஒரு டயல் வைத்துக்கொண்டே மெதுவாக ஏற்றினோம்.

பிப்ரவரி 7

எபாக்ஸி இறுகணும். காத்திருப்பு. பேரிங் வந்துவிட்டது.

பிப்ரவரி 8

பேரிங் எண் 6312 சி3 (சி3 என்றால் உள் இடைவெளி சற்றுக் கூடுதல்). உள்விட்டம் 60 மி.மீ., வெளிவிட்டம் 130, அகலம் 31. பொருத்தும் நேரத்தில் டப்பாவைப் பிரித்தால் போதும். ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில், இரண்டு குறுக்கில் அளந்தால் 60.002 முதல் 60.015 வரைக்குள் இருக்கணும். இருந்தது.

இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி. அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி ஏறினால் உள்விட்டம் ஏறத்தாழ 0.06 மி.மீ. விரியும், அது தாராளம். 125-ஐத் தாண்டவிடக் கூடாது. கேஸ் டார்ச்சை அருகிலேயே விடவில்லை. ஷாஃப்ட்டின் தோளில் (பேரிங் முட்டி நிற்கும் விளிம்பு) உட்கார்ந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். ஆறும்போது அகலமும் சுருங்கி, தோளை விட்டு விலகும். பிடிக்கும்வரை அழுத்தி நிற்கணும். ஆறியபின் தோள் ஓரத்தில் 0.03 ஃபீலர் நுழையக் கூடாது.

மறுகிரீஸ் அளவு: வெளிவிட்டம் × அகலம் × 0.005, அதாவது 20 கிராம். கிரீஸ் கன்னில் ஒரு அடிக்கு எத்தனை கிராம் வருகிறது என்று தராசில் பார்க்காமல் "நாலு அடி" என்று கார்டில் எழுதுவது வீண். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸைக் கலக்கவே வேண்டாம்.

வலது பின் கால் 0.03.

பிப்ரவரி 9

சக்‌ஷன் (பம்ப் உறிஞ்சும் பக்க) ஃபிளேஞ்சில் போல்ட் துளை சேரவில்லை என்று செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) கட்டி இழுக்கப் பார்த்தார்கள். நிறுத்தினேன். கப்ளிங்கில் மேலே ஒரு டயல், பக்கவாட்டில் ஒன்று. ஃபிளேஞ்சை இறுக்க இறுக்கப் பார்த்தால் பக்கவாட்டில் 0.14. 0.05-க்கு மேல் அசைந்தால் அது பைப் பம்பைப் பிடித்து வளைக்கிறது என்று அர்த்தம். இறுக்கி மறைத்தால் ஷாஃப்ட் வழிக் கசிவைத் தடுக்கும் சீல் முதலில் போகும், பிறகு பேரிங். பழி பேரிங் மேல்.

பைப்பை வெட்டி, தானாகச் சேரவைத்து மறுபடி வெல்ட். எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே, அதே பைப்பில். பேஸ் பிளேட்டில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியே போய்க் குண்டுகளில் குழி போடும்.

எட்டு போல்ட்: 1, 5, 3, 7, பிறகு 2, 6, 4, 8. முதல் சுற்று 30 சதவீதம், அடுத்து 70, பிறகு முழு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை), கடைசியாக வட்டமாக ஒரு சுற்று. காய்ந்த நூலில் ஒரு டார்க், எண்ணெய் தடவியதில் வேறு. டார்க்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மிச்சமெல்லாம் உராய்வு தின்கிறது. எட்டையும் ஒரே மாதிரி தடவணும்.

டயல் 0.03.

பிப்ரவரி 10

பொருத்தும்போது சீலை இடத்தில் பிடித்து வைக்கும் செட்டிங் பிளேட்டை, ஓட்டும் முன் கழற்றியாச்சா? மூன்று பேரிடம் கேட்டேன், பிறகு நானே போய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 11

கப்ளிங் இணைக்காமல் மோட்டார் மட்டும் ஓட்டம்: சுற்றும் திசை சரி, அதிர்வு 0.9 மி.மீ./வினாடி. இணைத்து, பம்பை நிரப்பி, காற்றை எடுத்து ஓட்டியதும் 1.6. 2.8 வரை நீண்ட ஓட்டத்துக்கு ஆகும். எல்லாருக்கும் சிரிப்பு.

இரண்டு மணி நேரம் கழித்து 2.5, இன்னும் ஏறுகிறது. அதிர்வில் சுற்று வேகமான 24.7 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கிறது, 49.3-தான் எழும்புகிறது. சுற்று வேகத்தின் இருமடங்கு. சூடேறியதும் அலைன்மென்ட் நகர்கிறது. மோட்டார் மைய உயரம் 250 மி.மீ., கால்கள் 35 டிகிரி சூடு ஏறியிருக்கின்றன, ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. ஆக 0.1 மேலே போயிருக்கும். பம்ப் பக்கம் அவ்வளவு சூடில்லை. ஆறிய நிலையில் மோட்டாரைத் தாழ்த்தி வைக்கச் சொல்லி டிராயிங்கில் ஒரு வரிகூட இல்லை.

கணக்கை நம்பி ஷிம் எடுக்கப் போவதில்லை. எட்டு மணிக்கு நிறுத்தி, பூட்டி, ஆறும் முன் ஹாட் ரீடிங். பிராக்கெட், டேப், பேனா எல்லாம் பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும் என்று இரவு ஷிஃப்டுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.