இரண்டு நோவுக்கு நடுவில்

பிரசவ நோ தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட எனக்குப் பயம். மருந்து எடுக்காமல் பிள்ளை பெறுவது என்று நான் முடிவெடுத்ததற்கு உண்மையான காரணம் அதுதான். இயற்கை, உடம்பின் சக்தி என்றெல்லாம் பிறகு சொந்தக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பிரஷர், சீனி எதுவும் இல்லை, பிள்ளையும் தலை கீழாக இருக்கிறது என்று டொக்டர் சொன்னதால்தான் அந்த முடிவும் எடுக்க முடிந்தது.

கிளினிக்கில் வயதான மிட்வைஃப் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் மூச்சுப் பயிற்சி பற்றியே பேசும்போது அவர் மட்டும் கணக்குச் சொன்னார். நோ விடாமல் இருக்காது. வரும், ஏறும், இறங்கும், போய்விடும். நன்றாக முற்றிய நேரத்திலும் ஒரு நோ ஏறக்குறைய ஒரு நிமிடம்தான், மூன்று நிமிடத்துக்கு ஒருக்கால் வந்தால் ஒரு மணித்தியாலத்தில் 20 நிமிடம்தான் நோகும், மிச்சம் 40 நிமிடம் உனக்கு என்றார். அன்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தக் கணக்குத்தான்.

39 வாரம் முடிந்து நாலாம் நாள் இரவு, இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகு அடிவயிறு பிடித்தது. வாய்வு என்று நினைத்துப் பெருங்காயத் தண்ணீர் குடித்தேன். வாய்வு இப்படி மணிக்கூடு பார்த்து வராதே என்று விளங்க நடுச்சாமம் ஆகிவிட்டது. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன்: 12 நிமிடம், 11, திரும்பவும் 14, பிறகு 9. இவர் உடனே ஓட்டோ பிடிக்க ஓடினார். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படியே ஒரு மணித்தியாலம் போனால் வரச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்க்குடம் உடைந்தால், இரத்தம் போனால், பிள்ளையின் அசைவு குறைந்தால் எதையும் பார்க்காமல் வரவேண்டும். ஒன்றும் இல்லாததால் அவரைப் பிடித்து இருத்தி வைத்தேன்.

விடியப்புறம் தெஹிவளையிலிருந்து மச்சாள் வந்துவிட்டார். மூன்று பெற்றவர். வந்ததும் கட்டிலைப் பார்த்து, "படுத்துக் கிடந்தால் நோ இன்னும் கூடும், எழும்பி நடவுங்கோ" என்றார். எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை. இருவரும் மரைன் டிரைவில் நடந்தோம். நோ வரும்போது நின்று மதிலைப் பிடித்துக் குனிவேன், போனதும் நடப்பேன். கிளினிக்கில் சொல்லித் தந்த நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடும் மூச்சு மூன்றாவது நோவிலேயே கைவிட்டுப் போனது. அந்த நேரத்தில் எனக்கு நாலுவரை எண்ண வரவில்லை.

அப்போது கோட்டை ஸ்டேசன் பக்கம் போகிற ரயில் ஒன்று தடதடவென்று வந்தது. சரியாக நோ உச்சிக்கு ஏறிய நேரம். இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று நானும் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டேன். கத்தல் இல்லை, மாடு முனகுவது மாதிரி அடித்தொண்டையிலிருந்து நீளமாக. ரயில் போய் முடிய நோவும் இறங்கியிருந்தது. அதற்கு முன் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த நோவுகளில் தோள், தொடை எல்லாம் கல்லாய் இறுகியிருந்தன. இந்தமுறை அப்படி இல்லை. உயர்ந்த குரலில் கீச்சிட்டுக் கத்தினால் உடம்பு மேலே இழுத்து இறுகுகிறது. தாடையைத் தளரவிட்டுத் தாழ்ந்த குரலில் முனகினால் மூச்சு தானாகவே நீளமாக வெளியே போகிறது. எண்ணத் தேவையில்லை. மதிலோரம் நடந்துபோன ஐயா ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் பிளாஸ்டிக் கதிரையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தேன். மச்சாள் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து நாரியில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு மணித்தியாலம் சுகமாகவே இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்பது மணி, கர்ப்பப்பை வாய் 4 சென்ரிமீற்றர் திறந்திருந்தது. இரவு முழுக்கப் பட்ட பாட்டுக்கு வெறும் நாலா என்று அழுகை வந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் பட்டியை வயிற்றில் கட்டி, மல்லாந்து அசையாமல் படுக்கச் சொன்னார் தாதி மிஸ் ஒருவர். முழுப் பிரசவத்திலும் எனக்கு மிகக் கொடூரமான பகுதி அதுதான். அதே நோ, மல்லாந்து கிடக்கையில் இரண்டு மடங்காக நொந்தது. துடிப்பு நன்றாக இருக்கிறதென்று தெரிந்த பிறகும் எழும்ப விடவில்லை. ஷிப்ட் மாறி வந்த மிஸ், நான் கேட்காமலே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி என்னை முழங்காலில் நிற்க வைத்தார்.

அதன்பிறகு மச்சாளின் கைதான். கூட ஒருவர் நிற்கலாம் என்றதும் இவர் மெதுவாக அக்காவை முன்னுக்குத் தள்ளிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. நோ ஏறத் தொடங்கும்போது நான் "ம்" என்பேன். மச்சாள் விரல்களை மடக்கி, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற அந்தத் தட்டையான எலும்பில் முழு உடம்புப் பாரத்தையும் கொடுத்து அழுத்துவார். தடவக்கூடாது, அழுத்த வேண்டும். ஒரு விரற்கடை மேலே போனாலும் பிரயோசனமில்லை. அழுத்தத்தைக் கொண்டுபோகிற நரம்புச் செய்தி, வலியின் செய்தி மூளைக்கு ஏறுவதை வழியிலேயே மறிக்கும் என்று 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் ஒரு கொள்கை சொன்னார்கள் என்பதைப் பிறகு வாசித்தேன். மச்சாளுக்கு அதெல்லாம் தெரியாது. இடம் தெரியும்.

நோ போனதும் நான் செய்தது ஒன்றே ஒன்று: அடுத்ததைப் பற்றி நினைக்காமல் இருந்தது. தலையணையில் முகத்தை வைத்துக்கொள்வேன், ஒரு வாய் குளுக்கோஸ் தண்ணீர், கண்ணை மூடுவேன். இரண்டு நிமிடத்தில் நித்திரைகூட வந்தது, குறட்டையும் விட்டேனாம். அந்த 40 நிமிடம் உனக்கு என்று கிழவி சொன்னது அப்போதுதான் விளங்கியது.

8 சென்ரிமீற்றரில் எல்லாம் குழம்பியது. கைகால் நடுங்கிப் பல் கிடுகிடுத்தது, சத்தி எடுத்தேன். இடைவெளி என்று ஒன்றே இல்லை. "என்னால ஏலாது, ஊசியைப் போடுங்கோ" என்று கத்தினேன். ஆமாம், கேட்டேன். பிள்ளை வரப்போகிற நேரத்தில் நோவைக் குறைக்கும் பெதடின் ஊசி போட்டால் பிறந்ததும் பிள்ளைக்கு மூச்சு மந்தமாகலாம் என்றார் மிஸ். பிறகு என் தலையைத் தடவி, "தவ டிகய், துவே" என்றார். இன்னும் கொஞ்சம்தான் மகளே. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அந்த மூன்று சொல்லும் நன்றாக விளங்கின.

முக்குவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது விடுதலையாக இருந்தது, செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே. முக்கால் மணித்தியாலம். பெண் பிள்ளை, 2.9 கிலோ.

மருந்தே தொடவில்லை என்று பெருமையடிக்கவும் முடியாது. பிறந்த கையோடு இரத்தப்போக்கைக் குறைக்கத் தொடையில் ஒக்சிடோசின் போட்டார்கள். தையலுக்கு விறைக்கும் ஊசியும் போட்டார்கள், அதற்குத்தான் நான் கூடுதலாக அழுதேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை முதுகில் ஊசி போட்டுச் சிரித்துக்கொண்டே பெற்றாள். அவளோடு எனக்கு ஒரு போட்டியும் இல்லை.

மச்சாளின் விரல் மொளிகள் சிவந்து வீங்கிவிட்டன. பத்தியக் கறிக்குச் சரக்கு அரைக்க இவர்தான் உட்கார வேண்டியதாயிற்று. மூன்று நாளாய் மச்சாள் இடக்கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இன்னும் நைசாக அரையடா" என்று தம்பியை வேலை வாங்கினார்.