தொந்தரவே இல்லாதபோது எடுத்த கொலோனோஸ்கோபி

அண்ணனுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, அதற்கு முன் பல மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து பார்க்கப் போன என்னிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன வயசு?" 44 என்றேன். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இதில் எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துவிட வேண்டுமாம்.

எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே என்றேன். அதனால்தான் இப்போது பார்க்க வேண்டும் என்றார். இந்தப் புற்று பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பல வருடங்கள் ஆகும். அந்தக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும்போதே பாலிப்பை வெட்டி எடுத்துவிடலாம். மலத்தில் ரத்தம் தேடும் டெஸ்ட் மற்றவர்களுக்குச் சரி, குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்று வந்திருப்பவர்களுக்கு நேராகக் கொலோனோஸ்கோபியே நல்லது என்றார்.

உண்மையான பாடு முந்தின நாள்தான். கீரை, கொய்யா, தக்காளி, விதையுள்ள எதுவும் சில நாள் முன்பே கூடாது. முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத டீ. சாயங்காலம் தொடங்கியது பேதி மருந்து. பொடியைத் தண்ணீரில் கரைத்தால் உப்பும் வழவழப்புமாக ஒரு திரவம். ஃப்ரிட்ஜில் வைத்து, எலுமிச்சை பிழிந்து, ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் இறங்குகிறது. பாதி ராத்திரி, மீதி விடியற்காலை. பாத்ரூம் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டேன். கடைசியில் வெளியே போவது மஞ்சள் தண்ணீராகத் தெளிய வேண்டும். குடல் சுத்தமாகாவிட்டால் சின்ன பாலிப் கண்ணில் படாது, மறுபடி முதலிலிருந்து குடிக்க நேரலாம். இரும்புச் சத்து மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் ஊசி போட்டார்கள், கண் விழித்தபோது முடிந்திருந்தது. கொஞ்சம் வயிற்று உப்புசம், அவ்வளவுதான். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்பதால் கூட ஆள் தேவை.

இரண்டு பாலிப் எடுத்திருந்தார்கள். அதை லேபில் சோதித்த பயாப்ஸியில் அடினோமா என்று வந்தது. புற்று இல்லை, ஆனால் விட்டுவைத்தால் அப்படி ஆகக்கூடிய வகை. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

இந்தியாவில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான். குடலுக்கு நாமாகத்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தங்கைக்கு 41 ஆகிவிட்டது. அவளுக்கும் தேதி வாங்கியாயிற்று.